வாசகர் கேள்விகள்: பட்டம்மாளும் பல்லவியும்

கேள்வி: கர்நாடக இசைப் பாடகி டி.கே.பட்டம்மாளைப் பற்றி எழுதுகிறவர்கள், பிராமணக் குடும்பத்துப் பெண்களில் முதன்முதலாக மேடையேறிக் கச்சேரி செய்தவர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இசையளவில் அவர் செய்த சாதனைதான் என்ன?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: மேடையேறியதே பெரிய காரியம்தான். 1919இல் காஞ்சிபுரத்தில் வைதிகக் குடும்பமொன்றில் பிறந்த பெண், பத்து வயதில் சென்னை மாநகராட்சி வானொலியிலும், 1932இல் உங்கள் மயிலாப்பூரின் ரசிக ரஞ்சனி சபாவிலும் பாடினார் என்றால், அந்நாளின் ஊர்க்கட்டுப்பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். ஆனால் அவருக்கு முன்பே வீணை தனம்மாள், கோயமுத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் இந்தச் சென்னையில் இசையரசிகளாக விளங்கினார்கள். தேவதாசி மரபில் வந்த அந்த மேதைகளை மறந்துவிட்டு, பட்டம்மாளை வெறும் 'முதல் பெண்மணி'யாகக் கொண்டாடுவது இரு தரப்புக்கும் நியாயம் ஆகாது. அவரை இசையைக் கொண்டே அளக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்கு முழுச் சம்மதம்.

என் கருத்தில் அவருடைய தலையாய சாதனை, ராகத்தை விரித்துப் பாடி, தானம் பாடி, பிறகு பல்லவிக்கு வரும் ராகம் தானம் பல்லவி. ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதைத் தாளத்தில் ஓரிடத்தில் தொடங்கி, குறித்த இடத்தில் அருதியை (வரியின் நடுவே நிற்கும் இடத்தை) நிறுத்தி, சொற்கள் இடம் மாறாமல் மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடி, அதாவது நிரவல் செய்து, பிறகு கையில் போடும் தாளத்தின் வேகத்தை மாற்றாமலேயே அவ்வரியை இரட்டிப்பிலும் நான்கு மடங்கிலும் திஸ்ரத்திலும் (மும்மூன்றாக) பாடி, மேடையிலேயே புனையும் கற்பனை ஸ்வரத்தில் கொண்டுபோய் முடிப்பது பல்லவி. கை ஒரு கணக்கில் நடக்க, வாய் இன்னொரு கணக்கில் நடக்க வேண்டும். அத்தனைக்கும் நடுவில் ராகத்தின் அழகு கெடக் கூடாது. இது ஆண்களுக்கு உரிய துறை என்று சபைகளில் பலரும் எண்ணியிருந்த காலத்தில் கடினமான பல்லவிகளைத் துணிந்து பாடியதால்தான், 'பல்லவி பட்டம்மாள்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

இந்தத் திறம் அவருக்குக் குருகுலவாசத்தில் வந்ததன்று. லயத்தில், அதாவது தாளக் கணக்கில், சிங்கம் எனப்பட்ட பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைச் சிறுமியாக இருந்தபோதே கேட்டு வளர்ந்தவர் அவர். கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்பியதும், கேட்ட கிருதிகளையும் ராகங்களின் முக்கியப் பிடிகளையும் ஸ்வரப்படுத்தி எழுதிவைப்பார்; அதற்கு அவருடைய சகோதரர்கள் உதவினார்கள். அவர்களில் இளையவரான டி.கே.ஜெயராமன் பின்னாளில் அக்காவுடன் சேர்ந்து பாடியதும், தனியாகவும் பெரும் வித்வானாக விளங்கியதும் ஊரறிந்தது. ஒலிப்பதிவுக் கருவி கையில் இல்லாத காலத்தில், ஒரு முறை கேட்டதை மனத்தில் இருத்தி எழுதிய அந்தப் பழக்கமே பிற்பாடு பல்லவியின் கணக்குகளைத் தடுமாறாமல் கையாளும் வலிமையாக வளர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த பாலக்காடு மணி ஐயர், பட்டம்மாளுக்கு மிருதங்கம் வாசிக்க இசைந்தார். பட்டம்மாளின் லயஞானத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தச் சபையும் கொடுத்துவிட முடியாது. (பின்னர் இரு குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்டன, இன்று பாடிவரும் நித்யஸ்ரீ மகாதேவன் இருவருக்கும் பேத்தி.) விருதுகளும் குறைவில்லாமல் வந்தன: 1970இல் சங்கீத கலாநிதி, 1971இல் பத்மபூஷண், 1998இல் பத்மவிபூஷண்.

கேள்வி: சாஸ்திரிய சங்கீதத்தில் இவ்வளவு கண்டிப்பானவர் திரைப்படங்களில் பாடியது ஏன்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: எல்லாப் பாடல்களுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. காதல் பாடல்களை மறுத்துவிட்டு, பக்தியும் தேசபக்தியும் உள்ளவற்றை மட்டும் ஏற்றார். 1939இல் 'தியாகபூமி'யிலும், 1947 ஜனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது. சுதந்திரம் கைக்கு வருமுன்பே பாரதியாரின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'யை அந்தப் படத்தில் பாடியவர், அதே ஆண்டு சுதந்திரம் கிடைத்தபோது வானொலியிலும் அதைப் பாடினார். பாரதி பாடல்களைக் கச்சேரியிலும் வீட்டிலும் வழங்கச் செய்ததில் அவருக்குள்ள பங்கை இசைவாணர்கள் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: சங்கீதம் முறையாகக் கற்காதவன் நான். பட்டம்மாளைக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: பல்லவிக்கு நேரே போகாதீர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் 'அக்ஷயலிங்க விபோ' கிருதியை முதலில் கேளுங்கள். தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமும், அவருடைய மாணவரும் நீதிபதியுமான டி.எல்.வெங்கடராம ஐயரிடமும் பாடம் கேட்டவர் பட்டம்மாள். ஆகவே தீட்சிதரின் சாஹித்யத்தை, அதாவது பாடல் வரிகளை, சிதைக்காமல், அவசரமில்லாத காலப்பிரமாணத்தில், ஒவ்வோர் எழுத்தும் காதில் விழும்படி பாடுவார். கீழ்வேளூர்க் கோயிலைப் பற்றிய அந்தச் சங்கராபரணக் கிருதி மிஸ்ர சாபு தாளத்தில், ஏழு எண்ணிக்கையில் நடக்கும். மூன்றும் நான்குமாகத் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் சிறிது நேரத்தில் பழகிவிடும். சரணத்தில் 'பதரீவன மூல நாயிகா' என்ற இடம் நிரவலுக்குப் பேர்போனது. அங்கே ஸ்வரங்கள் மேலும் கீழுமாக எங்கே போனாலும், சொற்கள் தாளத்தில் தத்தம் இடத்தில் வந்து விழுவதைக் கவனியுங்கள். அது பிடிபட்ட பிறகு அவர் பாடிய பல்லவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் நடப்பது இதே வேலைதான், கணக்கு மட்டும் கூடுதல்.