காருக்குள் தேங்கும் தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெல்டா மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே முறையீடு திரும்பத் திரும்ப வருகிறது: காருக்குள் தண்ணீர் புகுகிறது, எத்தனை முறை ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் நிற்கவில்லை என்பதுதான் அது. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

எட்டு ஆண்டான கார் வைத்திருக்கிறேன். சென்ற ஐப்பசி அடைமழையிலிருந்து முன்பக்க இடது சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. டோர் பீடிங்கை (கதவோர ரப்பர் பட்டையை) மாற்றினார்கள். முன்கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் பூசினார்கள். எதுவும் பலிக்கவில்லை. கார் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மன்னார்குடி

எங்கே என்று தேடுவதற்கு முன், எப்போது என்று தேடுங்கள். தண்ணீர் கண்ணில் படும் இடமே அது புகுந்த இடமாக இருப்பது அரிது. கூரையின் விளிம்பில் புகுந்த நீர், உட்கூரைத் துணிக்கு மேலாக ஓடி, முன்கண்ணாடியின் ஓரத்தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டின் பின்புறமாக வழிந்து, கடைசியில் கார்பெட்டின் அடியிலுள்ள பள்ளத்தில் போய் நிற்கும். ஈரம் கண்ட இடத்துக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகவே டோர் பீடிங்கை மாற்றுவதும், கண்ணாடியில் சிலிக்கான் பூசுவதும் குருட்டாம்போக்கில் செய்யும் வேலைகள். அவற்றால் பணம் செலவாவதோடு, உண்மையான வழியைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடுகிறது.

முதலில் மிதியடியை எடுத்துவிட்டு, கார்பெட்டைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பஞ்சு வரை முழுவதும் காயவையுங்கள். பழைய ஈரம் இருக்கும் வரை புதிய ஈரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. நன்றாகக் காய்ந்த பிறகு, மழையில்லாத ஒரு நாளில் ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, அந்த இடத்தில் கைவைத்துப் பாருங்கள். அப்போதே ஈரம் வந்துவிட்டால் மழைக்கும் உங்கள் தொல்லைக்கும் தொடர்பே இல்லை.

ஏசியின் கூலிங் காயிலில் படியும் காற்றின் ஈரம் நீராகி, ஒரு சிறிய டிரெயின் பைப் வழியாகக் காரின் அடியில் சொட்ட வேண்டும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நம் பகுதியின் புழுக்கத்தில் இந்த நீர் நிறையவே வரும். ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகும் நிற்கும் காரின் அடியில் சொட்டு விழவில்லையென்றால் அந்தப் பைப் அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். தூசியும் வழவழப்பான பாசியும் சேர்ந்து அடைப்பது வழக்கம். குளவி மண்கூடு கட்டி அடைத்திருப்பதும் உண்டு. வண்டியை மேலே ஏற்றி, கீழிருந்து வளையக்கூடிய நைலான் நரம்பை மெதுவாக நுழைத்து எடுத்தால் தேங்கிய நீர் கொட்டிவிடும். இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. அது காயிலில் பட்டுத் துளையிட்டால் கேஸ் முழுவதும் போய்விடும்.

ஏசி ஓடியும் தரை காய்ந்தே இருந்தால், அடுத்ததாக உங்கள் வேப்பமரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால், முன்கண்ணாடியின் அடியில் வைப்பர்கள் பொருத்தப்பட்ட இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். அதன் கீழே காரின் அகலத்துக்கு ஒரு தகரப் பள்ளம் உண்டு. முன்கண்ணாடியில் விழும் மழை இந்தப் பள்ளத்தில் இறங்கி, இரு ஓரங்களிலும் உள்ள வடிகால் துளைகள் வழியாக முன்சக்கரங்களின் பின்புறம் வெளியேற வேண்டும் என்பதே ஏற்பாடு. ஏசி ப்ளோவர் வெளிக்காற்றை இழுக்கும் வாயும் இதே பள்ளத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் அது இடப்பக்கம் அமைந்திருக்கும். வேப்பங்காம்பும் பூவும் சருகும், களத்து மேட்டிலிருந்து பறந்து வரும் தூசியும் அங்கே ஊறி எருவாகித் துளைகளை மூடிவிட்டால், மதகு அடைத்த வாய்க்கால் கரை மீறி வயலில் பாய்வதைப்போல, நீர் அந்த வாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிடுகிறது. சிறு தூறலில் ஒன்றும் நேராமல் அடைமழையில் மட்டும் தண்ணீர் வந்தால் இதற்கான வாய்ப்பு மிக அதிகம். வைப்பர்களைக் கழற்றி, தட்டை எடுத்து, சருகைக் கையால் அள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய நீர் இரு பக்கமும் தடையின்றிக் கீழே விழ வேண்டும்.

அதன் பிறகும் நிற்கவில்லையென்றால்தான் தண்ணீர்க் குழாய்ச் சோதனை தேவைப்படும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் படுத்துக்கொண்டு டேஷ்போர்டின் அடியைப் பார்க்க, மற்றொருவர் வெளியே மெல்லிய வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். எப்போதும் கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும் என்பது இதில் முக்கியம். கூரையிலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகளின் மீதும் வழிந்து, எது குற்றவாளி என்பதை மறைத்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் பிரஷர் கன்னைப் பயன்படுத்தினால் நல்ல ரப்பரையும் மீறி நீர் உள்ளே போகும்; அந்தச் சோதனையால் பயனில்லை. உள்ளே இருப்பவர், இன்ஜின் பக்கத்திலிருந்து வயர்கள் நுழையும் துளையை அடைத்திருக்கும் ரப்பர் க்ரோமெட்டை மறவாமல் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து எலிகள் வீட்டுப் பக்கம் வரும் காலத்தில் அவை முதலில் கடிப்பவற்றில் இந்த ரப்பரும் ஒன்று.

பீடிங் மீது இன்னும் ஐயம் இருந்தால் அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. ஒரு தாள் துண்டை பீடிங்கின் குறுக்கே வைத்துக் கதவைச் சாத்தி, மெதுவாக இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவு பிடிப்பு இருந்தால் பீடிங் நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அமுங்கியிருக்கிறது அல்லது கதவு இறங்கியிருக்கிறது. கதவு இறங்கியிருந்தால் கீலைச் சரிசெய்ய வேண்டும். புதிய பீடிங் அதற்குத் தீர்வாகாது.

பின்கதவுகளில் புதிய ஸ்பீக்கர் பொருத்திய பிறகு, மழையில் பின்சீட்டுக் கால்பகுதி நனைகிறது. பொருத்தியவர் தமக்குச் சம்பந்தமில்லை என்கிறார்.
– வாசகர், கும்பகோணம்

சம்பந்தம் இருக்கிறது. பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: காரின் கதவு, தண்ணீர் தனக்குள் புகும் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்டது. கண்ணாடியின் மீது வழியும் மழை, கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவின் வயிற்றுக்குள் போய், கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். அந்த நீர் காரின் உட்புறம் வராமல் தடுப்பது, கதவின் உள்பேனலுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றே.

ஸ்பீக்கர் வைப்பவர் அந்தத் தாளைக் கிழித்திருப்பார், அல்லது கத்தியால் வெட்டிவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார். பவர் விண்டோ மோட்டாரை மாற்றிய கார்களிலும் இதே கதைதான். பேனலைக் கழற்றிப் பாருங்கள். தாளின் கீழ்விளிம்பு சுருண்டு தொங்கும், அதற்கு நேர் கீழே உலோகத்தில் நீர் வழிந்த கோடு தெரியும். சிறு கிழிசலானால் ஒட்டலாம். பெரிதானால் கனமான பாலிதீன் தாளை அதே வடிவில் வெட்டி, பியூட்டைல் டேப்பினால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். சாதாரண செல்லோ டேப்பும் ஃபெவிகாலும் ஒரு மழைக்குக்கூடத் தாங்கா. தாளின் கீழ்முனையைக் கதவின் உட்பக்கம், அதாவது நீர் வடியும் பக்கம், செருகிவிடுவது முக்கியம். அது வெளியே தொங்கினால் தாள் முழுதாக இருந்தாலும் நீர் காருக்குள்தான் சொட்டும்.

அப்படியே கதவின் அடித்துளைகளையும் ஒரு மெல்லிய குச்சியால் சுத்தம் செய்துவிடுங்கள். கதவைத் திறந்து சாத்தும்போது உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்டால் அவை அடைத்திருக்கின்றன என்று பொருள். வண்டல் சேறு தெறிக்கும் நம் கிராமச் சாலைகளில் இது எளிதில் நேர்கிறது. கவனிக்காமல் விட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அடியிலுள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டால் வடிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், வேதாரண்யம்

செய்யாதீர்கள். அந்த மூடி இல்லாவிட்டால் சாலையில் தேங்கும் நீர் கீழிருந்து மேலே ஏறும். உப்புக்காற்று வீசும் உங்கள் ஊரில் திறந்த தகர விளிம்பு துருப்பிடிக்க நெடுநாள் ஆகாது.

டிக்கிக்கு நீர் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. டெயில் லேம்ப்பின் பின்னாலுள்ள ரப்பர் கேஸ்கட் காய்ந்து வெடித்திருக்கலாம். கூரையும் பக்கவாட்டுத் தகரமும் சேரும் இணைப்பில் கம்பெனியில் பூசிய சீலன்ட் விரிந்திருக்கலாம். பின்பம்பருக்குப் பின்னால், கேபின் காற்று வெளியேறுவதற்காக வைத்திருக்கும் ரப்பர் மடல்களைச் சுற்றியும் நீர் புகலாம்; பின்னால் இடி வாங்கி டிங்கரிங் பார்த்த கார்களில் இந்த மூன்றாவது வழி சாதாரணம். பள்ளத்தைக் காயவைத்து, சுற்றுச்சுவரில் முகப்பவுடரை மெல்லத் தூவி, பிறகு வெளியே தண்ணீர் விடுங்கள். பவுடரில் விழும் கோடு நீர் வந்த வழியை மேல்நோக்கிக் காட்டிக்கொடுக்கும். மழையே இல்லாமல் ஈரமானால், பின்கண்ணாடி வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் உள்ளே கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கால்பகுதியில் ஈரம் பிசுபிசுக்கிறது, இனிப்பு வாடை அடிக்கிறது. முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்குகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

அது தண்ணீர் அன்று, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலோ அதன் குழாயோ கசிகிறது. இன்ஜின் ஆறிய பிறகு ரிசர்வாயரில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஐயமே வேண்டாம். கூலன்ட் தீர்ந்து இன்ஜின் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வரை கெடும். சரிசெய்யும் வரை தொலைதூரம் ஓட்டாதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் இனிப்பை நம்பி நாயோ குழந்தையோ நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயலின்போது கிளை விழுந்து முன்கண்ணாடியை மாற்றினோம். அதற்குப் பிறகு வேகத்தில் விசில் போன்ற ஓசையும், மழையில் ஓரத்தூண் வழியே கசிவும் இருக்கின்றன. கடைக்காரர் மேலே மேலே சிலிக்கான் வைத்துத் தருகிறார்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ஓசையும் கசிவும் சேர்ந்து வந்தால் ஒட்டிய பசையில் இடைவெளி இருக்கிறது. உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, ப்ளோவரை வெளிக்காற்றில் முழு வேகத்தில் வைத்துவிட்டு, கண்ணாடி விளிம்பைச் சுற்றிலும் வெளியே சோப்புநீரைத் தூரிகையால் தடவுங்கள். உள்ளிருந்து காற்று தள்ளும் இடத்தில் குமிழி எழும்.

மேலே பூசும் சிலிக்கானால் இது தீராது. புளிக்காடி போன்ற நெடியடிக்கும் சிலிக்கான் வெளியிடும் அமிலம் தகரத்தை அரிக்கும். பிறகு வைக்கும் சரியான பசையும் அதன் மீது ஒட்டாது. முன்கண்ணாடிக்கு உரியது பாலியூரிதேன் பசை. கண்ணாடியைக் கழற்றி, பழைய சிலிக்கானைச் சுத்தமாக நீக்கி, துருப்பிடித்த இடத்தைத் தேய்த்துப் பிரைமர் பூசி, மீண்டும் ஒட்ட வேண்டும். செலவு கூடுதல்தான். ஆயினும் விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதிலும், இடப்பக்க ஏர்பேக் சரியாக விரிவதிலும் ஒட்டிய கண்ணாடிக்குப் பங்கு இருப்பதால், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவதுதான் என்றாலும், ஒட்டும் பரப்பு காய்ந்திருக்க வேண்டும். கார்த்திகை மழையில் திறந்தவெளியில் இந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். பசை டப்பாவில் குறித்துள்ள நேரம் கடக்கும் வரை வண்டியை எடுக்கவும் வேண்டாம்.

கசிவு நின்றுவிட்டது, நாற்றம் மட்டும் போகவில்லை. வாசனைப் பொருள் எதுவும் பயன்தரவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

கார்பெட்டின் மேல்புறம் காய்ந்திருக்கும். அடியிலுள்ள பஞ்சு இன்னும் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கார்பெட்டின் மீது பழைய செய்தித்தாளை விரித்து முழங்காலால் அழுத்திப் பாருங்கள், தாள் நனைந்துவிடும். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. சீட்டின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்தே, விவரமறிந்த மெக்கானிக் அதைத் தொட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதவைத் திறந்து வைத்தால் வெளியிலுள்ள ஈரமும் உள்ளே வரும். அந்த மாதங்களில் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் ஹீட்டரையும் ஒருசேரப் போட்டு இன்ஜினை ஓடவிடுவது பயன்தரும். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம். பூஞ்சை படர்ந்த பஞ்சைத் துவைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கார்பெட் வெளியே இருக்கும்போதே தரையிலுள்ள வயரிங் இணைப்புகளைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.