தனி மேடையா, குழுவா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது திருமண வரவேற்புகளில் ஒற்றை ஆளாகப் பாடி வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். குழுவில் எடுப்பாக இருந்த பாட்டு, தனியாக வாசித்தால் வெறிச்சென்று இருக்கிறது. என்ன குறை?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கையில் குறையில்லை. நீங்கள் இத்தனை நாள் வாசித்தது பாட்டின் ஒரு பங்கைத்தான். அடித்தளத்தை பேஸ் கிட்டாரும், தாளத்தைத் தபலாவும் ரிதம் பேடும் தாங்கிக்கொண்டிருந்தன. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். உங்கள் கிட்டாரின் ஆறாவது தந்தி (தடித்தது அதுதான், மிக மெல்லியது முதல் தந்தி) 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாது. அந்த ஒரு ஸ்தாயியைத்தான் காது தேடுகிறது.

இதை ஈடுகட்ட ஆறு தந்தியையும் ஓங்கி ஸ்ட்ரம் செய்வது பலரும் செய்கிற தவறு. சத்தம்தான் கூடும், பாட்டு நிறையாது. கட்டைவிரலுக்குத் தனி வேலை கொடுங்கள். நாலு எண்ணிக்கைப் பாட்டில் 1, 3 ஆகிய இடங்களில் கட்டைவிரல் பேஸ் ஸ்வரத்தை வாசிக்கட்டும். சி கார்டு என்றால் 1-ல் ஐந்தாவது தந்தி, 3-ல் நாலாவது. ஜி கார்டு என்றால் ஆறாவது, பிறகு நாலாவது. மற்ற விரல்கள் 2, 4-ல் முதல் மூன்று தந்திகளைத் தொட்டால் போதும்.

மெட்ரோனோமை (தட்டு எண்ணிக் கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, முதலில் பாடாமல் கட்டைவிரலை மட்டும் ஓடவிடுங்கள். பிறகு மெட்டை முணுமுணுங்கள். சொற்கள் கடைசியில். நம் திரைப்பாடல்களில் பல்லவி பெரும்பாலும் தட்டு விழுந்த பிறகே எடுக்கும். அங்கேதான் கட்டைவிரல் சொல்லின் பின்னால் ஓடி, தாளத்தை விட்டுவிடும். அப்படி ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பாதி வேகத்தில் திரும்பத் திரும்பப் பாடுங்கள். முழுப் பாட்டையும் மறுபடி ஓட்டுவதால் அந்த இடம் சரியாகாது.

வயலின்களும் புல்லாங்குழலும் சேர்ந்து வரும் 16 பார் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை) இண்டர்லூடை, அதாவது இடையிசையை, தனியாக வாசிக்க முயலாதீர்கள். எல்லாருக்கும் அடையாளம் தெரிகிற பிட் ஒன்று அதில் இருக்கும். அதை முதல் இரண்டு தந்திகளில் 4 பாருக்கு வாசித்துவிட்டுச் சரணத்துக்குப் போய்விடலாம். இரண்டாவது இண்டர்லூடை விட்டால்கூட யாரும் கேட்கப்போவதில்லை.

சுருதியும் இனி உங்கள் விருப்பம். 1 கட்டையில் (சி) உள்ள பாட்டு உங்கள் குரலுக்கு 2½ கட்டையில் (டி ஷார்ப்) சரியாக வருமென்றால், கேப்போவை (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மூன்றாவது ஃபிரெட்டில் மாட்டி, பழகிய அதே சி வடிவத்தைப் பிடியுங்கள். 45 நிமிடத்துக்குப் பத்துப் பாட்டு போதும்.

கேள்வி: வீட்டிலும் சிறு மேடைகளிலும் தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடிப் பழகியவள். இப்போது ஒரு பேண்டில் சேர்ந்திருக்கிறேன். "நீ வாசித்தால் குழம்புது" என்கிறார்கள். டிரம்மரோடும் ஒத்துவரவில்லை.
– வாசகி, கோவை

பதில்: மேலே திருச்சி வாசகருக்குச் சொன்னதை நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். தனியாக வாசிக்கிறவர் எல்லாவற்றையும் தானே நிரப்பப் பழகியிருப்பார். பேண்டில் அந்தப் பழக்கம் பேஸ் கிட்டாரின் இடத்தை மிதித்துக் குழப்பும். முதல் நாலு தந்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிக்ஸரில் உங்கள் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். இன்னொரு கிட்டார் இருந்தால் இருவரும் ஒரே வடிவத்தில் ஒரே கார்டை அடிக்க வேண்டாம். நீங்கள் கேப்போ போட்டு மேலே போய்விடுங்கள். சில பாடல்களில் பல்லவி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் நல்ல வாசிப்பு. அதில் கூச்சம் வேண்டாம்.

டிரம்மர் விஷயத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூச்சு. தனியாகப் பாடும்போது வரி முடிவில் மூச்செடுக்க அரைத் தட்டு, ஒரு தட்டு நிற்பீர்கள். கையும் கூடவே நிற்கும். நாலு எண்ணிக்கை அங்கே ஐந்தாகிவிடும். தனியாக இருந்தவரை அது யார் காதிலும் விழாது. டிரம்மரோ அடுத்த 1-ஐ அடித்துவிட்டுப் போயிருப்பார். ஒரு பாட்டைப் பதிவு செய்து, கேட்டுக்கொண்டே கைதட்டி எண்ணிப் பாருங்கள், எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பிறகு 80 வேகப் பாட்டுக்கு மெட்ரோனோமை 40-ல் வைத்து, அந்த ஒலிகளை 2, 4 என்று நினைத்து வாசியுங்கள். ஒரு வாரம் கடினமாக இருக்கும். விடாதீர்கள், இதைவிடப் பலனுள்ள பயிற்சி இல்லை.

ரிகர்சலில் முழுப் பாட்டையே நாலைந்து தடவை ஓட்டி நேரத்தை வீணாக்குகிறார்கள். பேண்ட் தடுமாறுவது பெரும்பாலும் தொடக்கத்திலும் முடிவிலும்தான். யார் எண்ணிக்கை கொடுப்பது, கடைசி வரி எத்தனை தடவை, யார் தலையசைத்தால் நிறுத்துவது – இந்த மூன்றையும் பேசி முடிவு செய்து, அந்த இடங்களை மட்டும் தனியே ஒத்திகை பாருங்கள்.

கேள்வி: போனில் மைனஸ் ஒன் (குரல் இல்லாத இசை) டிராக் போட்டுப் பாடுகிறேன். சில மேடைகளில் டிராக்கில் பேஸும் டிரம்ஸும் காணாமல் போய், எதிரொலி மட்டும் கேட்கிறது. டிராக் கெட்டுவிட்டதா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: டிராக் நன்றாகத்தான் இருக்கிறது, கேபிள்தான் தவறு. போனின் ஹெட்போன் பின்னில் இடது, வலது இரண்டும் சேர்ந்து வருகின்றன. அதை மிக்ஸரின் ஒரே பேலன்ஸ்டு இன்புட்டில் செருகினால், மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். நடுவில் வைத்துப் பதிவான பேஸ், கிக் டிரம் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மி.மீ. மோனோ பின் உள்ள கேபிளை வாங்கி, இரண்டு சேனலில் போடுங்கள். போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும்.

கேள்வி: தனி மேடையில் அக்கூஸ்டிக் கிட்டாரின் ஒலியைக் கூட்டினால் 'ஊம்' என்று இரைகிறது. பேண்டில் இந்தத் தொல்லை இல்லை.
– வாசகர், மதுரை

பதில்: பேண்டில் கிட்டாரை இவ்வளவு உயர்த்தியிருக்க மாட்டீர்கள். கிட்டாரின் உடலுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். ஸ்பீக்கரிலிருந்து அதே ஒலி வந்தால் இரைச்சல் சுற்றிச் சுற்றிப் பெருகும். ஒலித் துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஈக்வலைசரில் அந்த இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஸ்பீக்கர்களை உங்களுக்கு முன்னால் தள்ளி வையுங்கள். கிட்டாரின் ப்ரீஆம்பில் (ஒலியைச் சரிசெய்யும் பகுதி) பேஸ் குமிழ் இருந்தால் அதை ஏற்றி வைக்காதீர்கள். அதை நடுவில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: தனியாக வாசிக்கையில் தந்தி அறுந்தால்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மேடையிலேயே மாட்டாதீர்கள். புதுத் தந்தி இழுபட்டு, பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு கிட்டார் இல்லையென்றால், சுருதிப்பெட்டி செயலியை மட்டும் வைத்துப் பாடக்கூடிய இரண்டு பாடல்களைப் பட்டியலில் எப்போதும் வைத்திருங்கள். அவற்றைப் பாடி முடித்து, இடைவேளை சொல்லிவிட்டுத் தந்தியை மாற்றுங்கள். மாட்டியதும் தந்தியை விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு, திரும்பச் சுருதி சேர்ப்பதை மூன்று நான்கு தடவை செய்தால் ஓரளவு நிற்கும்.