முதுகின் அடியில் ஒளிந்திருக்கும் மல்டிஃபிடஸ்: கேள்வி பதில்

கேள்வி (பிசியோதெரபி மாணவி): மல்டிஃபிடஸ் என்ற முதுகுத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எத்தனை முறை படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை. நினைவில் வைக்க எளிய வழி உண்டா, ஐயா?

பதில்: அதை ஒரே தசையாக எண்ணிப் படிப்பதால்தான் குழப்பம் வருகிறது. 'பலவாகப் பிளவுபட்டது' என்று பொருள்படும் இலத்தீன் பெயருக்கு ஏற்ப, அது சிறு தசைக்கற்றைகளின் தொகுதி. பாடநூல்கள் கீழிருந்து மேலாக விவரிக்கும். நான் வகுப்பில் மேலிருந்து கீழாகவே வரைந்து காட்டுவேன். ஒரு முள்ளெலும்பின் பின்புறம் துருத்தி நிற்கும் முள்நீட்சியிலிருந்து கற்றைகள் புறப்பட்டு, கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் சரிந்து, இரண்டு முதல் ஐந்து முள்ளெலும்புகள் கீழே போய்ப் பற்றிக்கொள்கின்றன. பற்றும் இடம் கழுத்தில் மூட்டு நீட்சி (அடுத்த முள்ளெலும்போடு இணையும் பகுதி), மார்புப் பகுதியில் குறுக்கு நீட்சி (பக்கவாட்டில் நீளும் பகுதி), இடுப்பில் மேல்மூட்டு நீட்சியின் மீதுள்ள சிறு புடைப்பு. இடுப்பிலிருந்து இறங்கும் நீண்ட கற்றைகள் முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பின் பின்புறத்தையும் இடுப்பெலும்பின் பின்விளிம்பையும் எட்டுகின்றன. கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு அதன் மேல் எல்லை. மிகத் தடித்திருப்பது கீழ்முதுகில்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்முதுகில் ஒரு முள்நீட்சியிலிருந்து கிளம்பும் கற்றைகள் அனைத்துக்கும் அதே மட்டத்துத் தண்டுவட நரம்பின் பின்கிளையிலிருந்து பிரியும் உட்கிளையே கட்டளை தருகிறது. ஒரு மட்டத்தில் பாதிப்பு ஏற்பட்டால் தசை அந்த மட்டத்தில் மட்டும் மெலிவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும்.

கேள்வி (உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்): முதுகின் இருபுறமும் கயிறுபோல் தெரியும் புடைப்பு இதுதானா?

பதில்: அல்ல. அது பெரும்பாலும் முதுகை நிமிர்த்தும் பெரிய தசைத்தொகுதி; எரெக்டர் ஸ்பைனே என்பது அதன் பெயர். மல்டிஃபிடஸ் அதற்கு உள்ளே, எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. கண்ணாடியில் பார்த்து வளர்க்கும் தசை அல்ல அது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): முதுகை நிமிர்த்தவும் திருப்பவும் பெரிய தசைகள் இருக்கும்போது இந்தச் சிறு கற்றைகளுக்கு என்ன வேலை?

பதில்: தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கை பிசகினால் தேர் வீதியை விட்டு விலகிவிடும். மல்டிஃபிடஸ் செய்வது அந்த முட்டுக்கட்டைக்காரரின் வேலை.

அது முதுகை நிமிர்த்துவதிலும், சற்றே பக்கவாட்டில் சாய்ப்பதிலும், எதிர்ப்பக்கம் சிறிது திருப்புவதிலும் பங்கேற்பது உண்மைதான். எனினும் உடலைத் திருப்பும் முதன்மைப் பணி வயிற்றின் சாய்வுத் தசைகளுடையது. அவை திருப்பும்போதே உடலை முன்னோக்கி மடக்கவும் முனைவதால், அந்த மடங்கலை எதிர்த்து நிற்பதே மல்டிஃபிடஸின் பெரும்பங்கு. ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் 1995இல், இறந்தோரின் முதுகெலும்பில் தசைவிசைகளைச் செயற்கையாகச் செலுத்திப் பார்த்தபோது, நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே கூடிய விறைப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இத்தசையால் விளைந்ததாகக் கண்டனர். அதன் நார்கள் குட்டையானவை. ஆனால் நெருக்கமாகப் பெருந்தொகையில் அடுக்கப்பட்டவை. நீண்ட தூரம் இழுப்பதற்கு அல்லாமல், குறுகிய தூரத்தில் வலுவாகப் பிடித்து நிறுத்துவதற்கு ஏற்ற அமைப்பு அது. மேலும், நாம் முன்னோக்கிக் குனியக் குனிய, அதாவது முதுகெலும்புக்குப் பிடிமானம் கூடுதலாகத் தேவைப்படும் நிலையில், இத்தசையின் விசைத்திறனும் ஏறுகிறது. இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

கேள்வி (வங்கி ஊழியர்): இடுப்பு வலி முற்றிலும் போய்விட்டது. ஆனாலும் பயிற்சியை நிறுத்தக் கூடாது என்கிறார் என் பிசியோதெரபிஸ்ட். தேவைதானா?

பதில்: தேவை. வலி போனதும் தசையும் மீண்டுவிடும் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம்; அந்த எண்ணம் பிழையானது என்பதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. முதன்முறையாக இடுப்பு வலி வந்தவர்களை அல்ட்ராசவுண்ட் கருவியால் அளந்தபோது, வலியுள்ள பக்கத்தில், வலியுள்ள மட்டத்தில், மல்டிஃபிடஸ் மெலிந்திருந்தது. வலி நீங்கி வழக்கமான வேலைக்குத் திரும்பிய பின்னும், இத்தசைக்கான தனிப்பயிற்சி செய்யாதவர்களிடம் அந்த மெலிவு தானாகச் சரியாகவில்லை. 2001இல் வெளியான தொடர் ஆய்வில், பயிற்சி செய்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 84 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் வலி மீண்டும் வந்திருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 39 பேர் மட்டுமே என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த மாட்டேன். ஆயினும் பயிற்சியைத் தொடருங்கள் என்றே உங்களுக்கும் சொல்வேன்.

கேள்வி (இல்லத்தரசி): எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மல்டிஃபிடஸில் கொழுப்பு படிந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, வயது கூடும்போது வலியே இல்லாதவர்களிடமும் ஓரளவு கொழுப்புப் படிவு காணப்படும். நீண்ட நாள் வலி உள்ளவர்களிடம் அது மிகுதி என்பதும் உண்மை. ஆனால் வலியால் கொழுப்பா, கொழுப்பால் வலியா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஒரு வரிக்காக அஞ்ச வேண்டாம். மாறாக, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காலில் வலு குறைந்துகொண்டே வருதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி (தையல் தொழிலாளி): வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகை இயல்பான வளைவில் வைத்துக்கொண்டு, வலக்கையையும் இடக்காலையும் மெதுவாக நீட்டிச் சில நொடிகள் நிறுத்துங்கள், பிறகு மறுபக்கம் செய்யுங்கள். இடுப்பு ஒருபக்கம் சரியாமல் இருப்பதே இதில் கவனிக்க வேண்டியது. காலை எவ்வளவு உயரம் தூக்கினீர்கள் என்பது பொருட்டல்ல. மூச்சை அடக்க வேண்டாம். வலி கூடினால் நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை நேரில் செய்து காட்டுங்கள்.