லினக்ஸ் சர்வர் நிர்வாகம்: தொடக்க நிலையினருக்குச் சில பதில்கள்

கோவை, திருப்பூர் வட்டாரத்து ஆலைகளிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், லினக்ஸ் நிர்வாகத்தை அடிப்படையிலிருந்து கற்க விரும்புவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பொள்ளாச்சி: ஐயா, நான் பி.காம். படித்தவன். கணினிப் பட்டம் இல்லாமல் இந்தத் துறைக்கு வர முடியுமா? எந்த லினக்ஸில் தொடங்க வேண்டும்?

வரலாம். டெபியன் அல்லது உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள) பதிப்பில் தொடங்குங்கள். நீங்கள் குறிவைக்கும் நிறுவனங்கள் ரெட்ஹேட்டைப் பயன்படுத்துபவை என்றால் அதனோடு ஒத்தியங்கும் ராக்கி அல்லது அல்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காணொளிப் பாடங்களைப் பார்த்து சென்டோஸ் 7 பதிப்பை நிறுவிவிட வேண்டாம்; அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. எதை எடுத்தாலும் ஆறு மாதமாவது அதிலேயே இருங்கள். வாரம் ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றுபவர் நிறுவும் வேலையை மட்டுமே கற்றுக்கொள்கிறார். வீட்டுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் மென்பொருள்) போட்டு, 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் ஒதுக்கி, டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவுங்கள். ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வைத்துக்கொண்டால், எதைக் கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கோபிசெட்டிபாளையம்: பயிற்சி மையத்தில் இருநூறு கட்டளைகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அது தேவையா?

தேவையில்லை. கட்டளைகள் கை பழகப் பழகத் தாமாக நினைவில் நிற்கும். முதலில் பழக வேண்டியது, எதையும் மாற்றுவதற்கு முன் சர்வர் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று படித்தறிவது. எந்தெந்தச் சேவைகள் ஓடுகின்றன, எவை எந்த போர்ட்டில் (பிணைய இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) காத்திருக்கின்றன, அவை தம் குறிப்புகளை எங்கே எழுதுகின்றன என்ற மூன்றுக்கும் விடை காணத் தெரிந்தவர் பாதி நிர்வாகி ஆகிவிட்டார். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ (systemctl status) முதலாவதற்கும், ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ (ss -tlnp) இரண்டாவதற்கும், ‘ஜர்னல்சிடிஎல் -யு’ (journalctl -u) என்பதுடன் சேவையின் பெயரைச் சேர்ப்பது மூன்றாவதற்கும் உதவும். அமைப்புக் கோப்புகள் ‘/இடிசி’ (/etc) அடைவிலும், லாக் எனப்படும் அந்தக் குறிப்புக் கோப்புகள் பெரும்பாலும் ‘/வார்/லாக்’ (/var/log) அடைவிலும் இருக்கும். ‘மேன்’ (man) கட்டளை காட்டும் விளக்கக் கையேடான மேன் பக்கங்களைப் படிக்கும்போது பிரிவு எண்ணைக் கவனியுங்கள்: 1 பயனர் கட்டளைகள், 5 கோப்பு வடிவங்கள், 8 நிர்வாகக் கட்டளைகள். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானைப் பற்றி அறிய ‘மேன் கிரான்டாப்’ (man crontab) என்று தட்டிவிட்டு, ஐந்து நேரப் புலங்களின் விளக்கம் எங்கே என்று பலர் தேடுவார்கள். அது ‘மேன் 5 கிரான்டாப்’ பக்கத்தில் இருக்கிறது.

திருப்பூர்: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரே சாம்பா சர்வரை (விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சர்வர்) பயன்படுத்துகின்றன. ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தாலே முன்பு இருந்தவர் 777 கொடுத்துவிடுவார். நானும் அதையே தொடரலாமா?

தொடராதீர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற மதிப்புகளைக் கூட்டி உரிமையாளர், குழு, ஏனையோர் என்ற மூன்று தரப்புக்கும் வழங்குவதே அந்த எண். 777 கொடுத்தால் அந்தச் சர்வரில் உள்ள எந்தப் பயனர் கணக்காலும், வெளியாள் கைப்பற்றிய ஒரு வலைச்சேவையின் பயனர் கணக்கு உட்பட, உங்கள் கணக்குப் பிரிவின் கோப்புகளை அழிக்கவும் திருத்தவும் முடியும்.

முறையான வழி, பிரிவுக்கு ஒரு குழு அமைப்பது. கணக்குப் பிரிவின் அடைவை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி 2770 கொடுங்கள். முன்னால் உள்ள 2, அதற்குள் புதிதாக உருவாகும் கோப்புகளும் அதே குழுவைப் பெறச் செய்யும். இதை விட்டுவிட்டால், ஒருவர் உருவாக்கிய கோப்பு அவரது சொந்தக் குழுவுக்குப் போய், அடுத்த மேசையில் இருப்பவர் திருத்த முடியாமல் மீண்டும் உங்களையே அழைப்பார். குழுவினருக்கு எழுதும் உரிமையும் கிடைக்க வேண்டுமானால், சாம்பா அமைப்பில் ‘கிரியேட் மாஸ்க்’ 0660 என்றும் ‘டைரக்டரி மாஸ்க்’ 2770 என்றும் இருக்க வேண்டும்.

கோப்பின் உரிமை சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், மேலே உள்ள அடைவுகளைப் பாருங்கள். அடைவுக்கு இயக்கும் உரிமை என்பது அதனுள் நுழையும் உரிமை. தலைவாசல் பூட்டியிருக்கும்போது உள்ளறைச் சாவியால் பயனில்லை. ‘நேம்ஐ -எல்’ (namei -l) என்ற கட்டளையுடன் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிசையாகக் காட்டும். ரெட்ஹேட் வகையில் இவையெல்லாம் சரியாக இருந்தும் தடை நீடித்தால் காரணம் எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்காக இருக்கலாம். அதை அணைத்துவிடுமாறு சொல்லும் பாடங்களைப் புறக்கணித்து, ‘ஏயுசர்ச்’ (ausearch) கட்டளையால் எது தடுக்கப்பட்டது என்று பாருங்கள்.

நாமக்கல்: எங்கள் லாரி போக்குவரத்து நிறுவனத்தின் சர்வரில் வட்டு நிரம்பிவிட்டதால் 40 ஜிபி லாக் கோப்பை அழித்தேன். ஆனாலும் வட்டின் பயன்பாட்டைச் சொல்லும் ‘டிஎஃப்’ (df) 100 சதவீதம் என்றே காட்டுகிறது. கோப்புகளின் அளவைக் கூட்டும் ‘டியு’ (du) கணக்கோ மிகவும் குறைவாக இருக்கிறது.

இந்த இரண்டு கணக்கும் ஒத்துவராமல் போவது நேர்முகத் தேர்வுகளிலும் கேட்கப்படும் ஒன்று. லினக்ஸில் ‘ஆர்எம்’ (rm) கட்டளை கோப்பின் பெயரைத்தான் நீக்குகிறது. ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அது பிடித்துள்ள இடம் விடுவிக்கப்படுவதில்லை. ‘டியு’ பெயர்களைப் பின்பற்றி எண்ணுவதால் அதன் கண்ணுக்குக் கோப்பு இல்லை. ‘டிஎஃப்’ கோப்பு முறைமையையே கேட்பதால் இடம் நிரம்பியே இருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (lsof +L1) கட்டளை அத்தகைய கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரலையும் காட்டும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும். இனி இவ்வாறு நேர்ந்தால் கோப்பை அழிக்காமல் ‘டிரங்கேட் -எஸ் 0’ (truncate -s 0) கொண்டு காலியாக்குங்கள்; பழைய லாக் கோப்புகளைத் தானாக அகற்றும் லாக்ரொட்டேட்டையும் அமைத்துவிடுங்கள்.

இடம் மீதமிருந்தும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று வந்தால் ‘டிஎஃப் -ஐ’ (df -i) பாருங்கள். இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் ஐநோடுகளை (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவுகள்) தீர்த்திருக்கக்கூடும். இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமை கொண்ட வட்டில் வழக்கமாக 5 சதவீதம் ரூட் என்னும் நிர்வாகக் கணக்குக்கென ஒதுக்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரூர்: அடிக்கடி மின்தடை ஏற்படும் தறிக்கூடத்தில் சர்வர் வைக்கலாமா?

யுபிஎஸ் இருந்தால் வைக்கலாம், ஆனால் யுபிஎஸ் மட்டும் போதாது. அதன் யுஎஸ்பி கம்பியைச் சர்வரில் இணைத்து, ‘நட்’ (NUT) என்னும் மென்பொருளை நிறுவினால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக முறைப்படி நின்றுவிடும்.

ஈரோடு: ஜவுளிக் கடையின் பேக்கப் ஸ்கிரிப்டை நானே எழுதினேன். கையால் ஓட்டினால் வேலை செய்கிறது. கிரானில் இரவு 2 மணிக்குப் போட்டால் செய்வதில்லை. காரணம் என்ன?

கிரான் உங்கள் ஷெல்லின் (நீங்கள் கட்டளைகளைத் தட்டும் இடத்தின்) சூழலைத் தருவதில்லை. கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலான அதன் ‘பாத்’ (PATH) மிகச் சுருக்கமானது. ஆகவே ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கட்டளையையும் முழுப் பாதையுடன் எழுதுங்கள். கிரான்டாப் வரியில் தேதிக்காகச் சதவீதக் குறி இட்டிருந்தால், கிரான் அதைப் புது வரியாகக் கொள்ளும். முன்னால் ஒரு பின்சாய்கோடு தேவை. வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். அதன் பிறகு ஊகிக்க வேண்டிய அவசியமே இராது. கிளவுட் சர்வர் என்றால் நேர மண்டலத்தையும் பாருங்கள், அம்மா. அவை பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் வருவதால், நீங்கள் இட்ட 2 மணி நமக்குக் காலை 7.30, நீங்கள் பார்க்கும்போது அது இன்னும் தொடங்கியே இருக்காது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் அடைவை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது. ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ (mysqldump) கொண்டு எடுங்கள். எடுத்ததை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் நான் பார்த்த நிறுவனங்களில் மிகச் சிலவே அதைச் செய்கின்றன.

தாராபுரம்: சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்தப் போய் நானே வெளியே மாட்டிக்கொள்வேனோ என்று அச்சமாக இருக்கிறது.

‘எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி’ (ssh-copy-id) மூலம், கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக் கோப்பை ஏற்றி, அதைக் கொண்டு நுழைய முடிகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். அமைப்பைத் திருத்தியதும் ‘எஸ்எஸ்ஹெச்டி -டி’ (sshd -t) என்று தட்டினால் எழுத்துப் பிழைகளைச் சொல்லிவிடும். பிறகு சேவையை மறுதொடக்கம் செய்து, பழைய இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் நுழைந்து பாருங்கள். ஃபயர்வாலை இயக்குவதற்கு முன்பும் எஸ்எஸ்ஹெச்சுக்குரிய 22ஆம் போர்ட்டை அனுமதித்துவிட வேண்டும்.

சரவணம்பட்டி: சான்றிதழ் எடுத்தால்தான் ஐடி நிறுவனங்களில் வேலை கிடைக்குமா? எதை எடுக்கலாம்?

சான்றிதழ் உங்கள் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே கழிந்துவிடாமல் காக்கும். அதற்கு மேல் அது பேசாது. ரெட்ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ முழுக்கச் செயல்முறைத் தேர்வு; உயிருள்ள ஒரு கணினியில் பணிகளை முடித்துக் காட்ட வேண்டும், 300க்கு 210 மதிப்பெண் தேவை. எல்பிஐசி-1 (LPIC-1) என்ற மற்றொரு லினக்ஸ் சான்றிதழ் இரண்டு தாள்களைக் கொண்டது. அதில் விடையைத் தேர்ந்தெடுப்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும்தான். இரண்டில் ஒன்று என்றால் நான் முன்னதைச் சொல்வேன், ஏனெனில் அதற்குத் தயாராவதே வேலையைக் கற்பதாகிவிடுகிறது. கட்டணம் கட்டும் முன், உங்கள் வீட்டு மெய்நிகர் கணினியில் ஒரு வலைத்தளத்தை நிறுவி, அதை நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஏதேனும் ஓரிடத்தில் கெடுத்துத் தரச் சொல்லுங்கள். எங்கே கெடுத்தார் என்பதை லாக் கோப்புகளைக் கொண்டே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு தேர்வுக்குப் பதிவு செய்யலாம்.