ஐ.டி. படிக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. இரண்டிலுமே இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஐ.டி. என்றால் ஒரு படி கீழே என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படியா?

அப்படி இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸில் அல்காரிதம், கம்பைலர், ஆட்டோமேட்டா போன்ற கோட்பாட்டுப் பாடங்கள் கூடுதலாக இருக்கும். ஐ.டி.யில் நெட்வொர்க், சர்வர் நிர்வாகம், வெப், பாதுகாப்பு, பல மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டுவது ஆகியவற்றுக்கு அழுத்தம் அதிகம். ஏ.சி.எம்., ஐ-ட்ரிபிள்-ஈ கம்ப்யூட்டர் சொசைட்டி ஆகிய இரண்டு சர்வதேசக் கணினித்துறை அமைப்புகளும் சேர்ந்து ஐ.டி.க்கென்றே தனிப் பாடத்திட்ட வழிகாட்டியை 2017இல் வெளியிட்டிருக்கின்றன. தனித்துறை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட படிப்பு இது.

இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா, ஒவ்வொன்றுக்கும் லேப் உண்டா என்று பாருங்கள். அவை இருந்தால் பட்டத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. லேப் இல்லாமல் தியரி மட்டும் நடத்தும் இடமாக இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். நெட்வொர்க்கை வகுப்பறைப் பலகையில் மட்டும் பார்த்தவருக்கு, கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: எனக்குக் கணக்கு சுமாராகத்தான் வரும். தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் எந்தக் கணக்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நுண்கணிதம் தேர்வோடு முடிந்துவிடும். டேட்டா சயின்ஸ் பக்கம் போனால்தான் மறுபடி தேவைப்படும். தினசரி வேலையில் கூடவே வருவது டிஸ்கிரீட் கணிதம்: கணங்கள், தர்க்கம், எண்ணும் முறைகள், இரும எண்கள். வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால் அதிகபட்சம் 20 ஒப்பீடுகளில் கிடைத்துவிடும். காரணம், 2ஐ 20 முறை பெருக்கினால் 10 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. நெட்வொர்க்கில் ‘ஸ்லாஷ் 26’ (ஐ.பி. முகவரியின் 32 பிட்டில் முதல் 26 நெட்வொர்க்கைக் குறிப்பது) என்றால் ஏன் 64 முகவரிகள், அதில் ஏன் 62ஐத்தான் கருவிகளுக்குக் கொடுக்க முடிகிறது என்பதும் இதே வகைக் கணக்குதான். முதல் இரண்டு செமஸ்டரில் இந்தப் பாடத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: முதலில் எந்த மொழியைக் கற்பது? சி, ஜாவா, பைத்தான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கல்லூரி எதில் தொடங்குகிறதோ அதையே ஒரு வருடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு மொழி என்று தாவுகிறவர்கள் நான்கு மொழிகளின் ‘ஃபார் லூப்’பைக் கற்றிருப்பார்கள், ஒன்றிலும் 500 வரி எழுதியிருக்க மாட்டார்கள்.

பிழைச் செய்தியை முழுவதும் படிக்கும் பழக்கம் மிக முக்கியம். சி, ஜாவா கம்பைலர்களில் முதல் பிழையைத் திருத்தினால், அதன் வாலாக வந்த மற்ற பிழைகள் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். பைத்தானில் செய்தியின் கடைசி வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். இன்னொன்றையும் செய்து பாருங்கள்: 0.1, 0.2 இரண்டையும் பைத்தானில் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணினி பின்னங்களை இரும வடிவில் வைத்திருப்பதுதான் காரணம். இதை முதலாண்டிலேயே பார்த்தவர் பின்னாளில் பணத்தொகையை ஃப்ளோட்டில், அதாவது இப்படித் தோராயமாக வைக்கும் எண் வகையில், சேமிக்க மாட்டார்.

கேள்வி: எப்படிப்பட்ட லேப்டாப் வாங்குவது?

16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. இருந்தால் நான்கு வருடமும் ஓடும். 8 ஜிபியிலும் படிக்கலாம், ஆனால் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) ஒன்றாக ஓட்டும்போது திணறும். பட்ஜெட் இடித்தால் கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிடுங்கள், ராமை விடாதீர்கள். வாங்கும் முன் ராமைப் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். பல மெல்லிய மாடல்களில் அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: கடைசி வருட புராஜெக்ட்டுக்கு ‘நூலக மேலாண்மை’ எடுத்திருக்கிறோம். எல்லோரும் செய்கிற பழைய தலைப்பு, இதை வைத்து வேலை கிடைக்காது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். தலைப்பு பழையதாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. நான்கு திரைகளும் ஒரு லாகின் பக்கமும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் குறை. இதே நூலகத்தை ஆழமாகச் செய்தால் நேர்முகத்தில் ஒரு மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

அட்டவணைகளில் தொடங்குங்கள். புத்தக அட்டவணையிலேயே ‘எடுத்தவர் பெயர்’ என்று ஒரு பத்தி வைப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. அடுத்தவர் எடுத்ததும் முந்தையவரின் பதிவு அழிந்துவிடும். ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் இருந்தால் எது யாரிடம் என்றும் தெரியாது. நூல், பிரதி, உறுப்பினர், இரவல் என்று நான்காகப் பிரியுங்கள். தேதியை எழுத்துச் சரமாக வைக்காதீர்கள். ‘12-03’ என்பது மார்ச்சா டிசம்பரா என்ற குழப்பம் வரும், வரிசைப்படுத்தினாலும் தப்பாக வரும். அதற்கென்று உள்ள டேட் வகையையே பயன்படுத்துங்கள்.

கடைசிப் பிரதியை இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும்? ‘இருக்கிறதா’ என்று பார்ப்பது ஒரு கட்டளை, ‘கொடு’ என்பது இன்னொரு கட்டளை என்று உங்கள் நிரல் இருந்தால் இருவருக்குமே ‘ஆம்’ என்று சொல்லிவிடும். இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காத கட்டளைத் தொகுப்புக்குள்) வைத்து, அந்தப் பிரதிக்கான வரியைப் பூட்டிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். இரண்டு டெர்மினல் திறந்து வைத்துக்கொண்டு இந்தத் தவறை வேண்டுமென்றே வரவழையுங்கள், பிறகு திருத்துங்கள். இரண்டின் பதிவையும் அறிக்கையில் சேருங்கள்.

அடுத்து, போலித் தரவாக 1 லட்சம் வரிகளை ஏற்றுங்கள். 20 புத்தகங்களோடு எல்லா நிரலும் வேகமாகத்தான் ஓடும். ‘எக்ஸ்பிளெய்ன்’ கட்டளை கொடுத்தால் டேட்டாபேஸ் மொத்த அட்டவணையையும் படிக்கிறதா, இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்றது) வழியாகப் போகிறதா என்று தெரியும். இண்டெக்ஸ் போடும் முன்னும் பின்னும் ஆகிற நேரத்தைக் குறித்துவையுங்கள். சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் ‘லைக்’ தேடலில், ‘இங்கே எதுவும் வரலாம்’ என்று பொருள்படும் சதவீதக் குறியைச் சொல்லின் முன்னால் வைத்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது என்பதையும் அப்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

நூல் பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. பல மாணவர்கள் தொடாத இடம் இது. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், யு.டி.எஃப்.-8 முறையில் 15 பைட். பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து தனியாக நிற்கும். இதைவிட நுட்பமானது ‘கொ’. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘என்.எஃப்.சி.’ என்ற ஒரே யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இந்தப் பிழையை ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த மாணவர், ‘எழுத்து’ என்றால் கணினிக்கு என்னவென்று வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.

பாதுகாப்பில் மூன்றையாவது செய்துவிடுங்கள். பயனர் தட்டியதை எஸ்.கியூ.எல். வாக்கியத்தோடு ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்புங்கள். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் பி-கிரிப்ட் அல்லது ஆர்கான்-2 வழியே ஹாஷ் செய்யுங்கள், அதாவது திருப்பி மீட்க முடியாத குறியீடாக மாற்றுங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை கிட் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டு அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். உடனே கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். கடைசியாக பேக்கப். எடுத்தால் போதாது, காலியான கணினியில் அதைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பவே முடியாது.

கேள்வி: நிரல் எழுதுவதில் ஆர்வம் இல்லை. ஐ.டி.யில் வேறு வேலைகள் உண்டா?

உண்டு. நெட்வொர்க் நிர்வாகம், சிஸ்டம் நிர்வாகம், டெக்னிக்கல் சப்போர்ட், டெஸ்டிங், டேட்டாபேஸ் நிர்வாகம், பிசினஸ் அனலிஸ்ட், பாதுகாப்புக் கண்காணிப்பு என்று வரிசையே இருக்கிறது. இவற்றில் நாள் முழுக்க நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனால் 30 வரி ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர் 200 கணினிகளில் ஒரே மாற்றத்தைக் கையால் செய்துகொண்டிருப்பார்.

நெட்வொர்க் வேலைக்கு வேண்டியது அடுக்கடுக்காகச் சிந்திக்கும் பொறுமை. ‘இணையம் வரவில்லை’ என்று ஒருவர் அழைக்கிறார். முதலில் கேபிள், போர்ட்டில் விளக்கு. அடுத்து ஐ.பி. முகவரி: 169.254 என்று தொடங்கினால், முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வர் முகவரி தரவில்லை என்று பொருள், பிரவுசரை நோண்டிப் பயனில்லை. முகவரி சரி என்றால் கேட்வேக்கு (வெளியே போகும் வாசலான ரூட்டருக்கு) பிங், அதாவது பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை. அது வந்தால் வெளியே ஒரு ஐ.பி. எண்ணுக்கு பிங். எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் பெயரை எண்ணாக்கும் டி.என்.எஸ்.ஸில்தான் கோளாறு. பெயரும் சரியாக வருகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் 443ஆம் போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிங்கையே தடுத்து வைத்திருக்கும் நெட்வொர்க்குகளும் உண்டு. பதில் வரவில்லை என்பதற்காக உடனே ‘பழுது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சில வேலைகளில் இரவு ஷிப்டும் விடுமுறை நாள் அழைப்பும் சேர்ந்தே வரும், சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைபர் செக்யூரிட்டியில் நேரடியாகக் குதிக்க நினைப்பவர்களுக்கு: லினக்ஸும் நெட்வொர்க்கும் கைவராமல் அந்தப் பக்கம் போனால் கருவிகளின் பட்டனை அழுத்துவதோடு நின்றுவிடுவீர்கள். அந்த இரண்டுக்கும் ஒரு வருடம் கொடுங்கள். உங்களுடையது அல்லாத, எழுத்தில் அனுமதி பெறாத எந்தக் கணினியிலும் சோதனை செய்யாதீர்கள். ஆர்வக்கோளாறு என்று சட்டம் பார்க்காது.

கேள்வி: சான்றிதழ் தேர்வுகள் அவசியமா?

பட்டத்தோடு ஒன்று போதும், அதுவும் போகிற பாதைக்கு ஏற்றதாக. நெட்வொர்க் என்றால் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ., லினக்ஸ் என்றால் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பின்னது முழுக்கச் செய்முறைத் தேர்வு, மனப்பாடம் உதவாது. அதனால்தான் அதற்கு மதிப்பு. இரண்டும் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், ஆகவே முதலாண்டிலேயே எழுதிவிடாதீர்கள். வீடியோ பார்த்து முடித்ததற்குத் தரும் சான்றிதழ்களை ரெஸ்யூமேயில் அடுக்க வேண்டாம்.

கேள்வி: ஏ.ஐ.யே நிரல் எழுதித் தருகிறது. நாலு வருடம் கழித்து எங்களுக்கு வேலை இருக்குமா?

இந்தப் பயம் நியாயமானது. புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலைகளை, அதாவது ஒரு படிவம் அமைப்பது, தெரிந்த மாதிரியில் ஒரு அறிக்கை எழுதுவது போன்றவற்றை, இந்தக் கருவிகள் நிமிடத்தில் செய்கின்றன. அந்த அளவோடு நிற்பவருக்குச் சிரமம்தான். ஆனால் மேலே சொன்ன நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பிரதியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் நிரலை ஏ.ஐ. சரளமாக எழுதிக் கொடுக்கும். ஒருவர் மட்டும் சோதித்தால் அது சரியாகவே ஓடும். சிக்கலைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் சரியான பதில் வரும். இல்லாத லைப்ரரியை (நூலகம் அல்ல, பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) இருப்பதாகச் சொல்வதும் நடக்கிறது. அப்படி அடிக்கடி சொல்லப்படும் பெயரில் தீய நிரலைப் பதிவுசெய்து காத்திருக்க ஆட்களும் இருக்கிறார்கள். நிறுவும் முன் பெயரைச் சரிபாருங்கள்.

படிக்கும் காலத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 30 நிமிடம் நீங்களே முயலுங்கள். பிறகு ஏ.ஐ.யிடம் கேட்டு, அது தந்ததில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். விளக்க முடியாத வரியைச் சேர்க்காதீர்கள். டெஸ்ட்டை நீங்களே எழுதுங்கள்: காலி உள்ளீடு, மிக நீளமான பெயர், தவறான தேதி, ஒரே நேரத்தில் இரண்டு பேர்.

கேள்வி: கேம்பஸ் நேர்முகத்துக்கு எப்போது, எப்படித் தயாராவது?

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில். பெரும்பாலும் திறனறித் தேர்வு, கோடிங் தேர்வு, தொழில்நுட்ப நேர்முகம், கடைசியில் எச்.ஆர். என்ற வரிசையில் நடக்கும். கோடிங்குக்கு ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, ஆறு மாதம். அர்ரே, ஸ்ட்ரிங், ஹாஷ் மேப், ஸ்டாக், ட்ரீ, கிராஃப் என்று அதே வரிசையில் போங்கள். 45 நிமிடத்தில் வராவிட்டால் விடையைப் பாருங்கள், மூன்று நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். அந்த மறுபடி எழுதுவதை விடுகிறவர்களே அதிகம். 200 கணக்கு போட்டும் தேர்வில் கை ஓடாததற்கு அதுதான் காரணம். ரெஸ்யூமே ஒரே பக்கம். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கேள்வி வரும் என்று நினைத்தே எழுதுங்கள்.

தொழில்நுட்ப நேர்முகத்தில் விரும்பிக் கேட்கப்படும் ஒரு கேள்வி: ‘பிரவுசரில் முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால் என்ன நடக்கிறது?’ டி.என்.எஸ். பெயரை எண்ணாக்குவது, டி.சி.பி.யின் மூன்று கட்டக் கைகுலுக்கல், டி.எல்.எஸ். குறியாக்கம், எச்.டி.டி.பி. கோரிக்கை, சர்வர் டேட்டாபேஸைக் கேட்பது, பதில் பக்கமாக வரையப்படுவது என்று வரிசையாகச் சொன்னால் பல பாடங்களையும் தொட்டுவிடுவீர்கள். எச்.டி.டி.பி.-3 ஆக இருந்தால் டி.சி.பி. இல்லை, யு.டி.பி.யின் மேல் ஓடும் குயிக் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத கட்டம் வந்தால் ‘இது தெரியவில்லை, கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்ப்பேன்’ என்று சொல்லுங்கள். கேட்பவர் அடுத்த கேள்வியை அங்கிருந்தே தொடங்குவார்.