மகள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்தால் அரசுக் கணக்கில் வேலை கிடைத்துவிட்டதா?

கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அவர் மகள் 2023இல் பி.இ. முடித்தவர், இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறார், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் மத்திய அரசின் ஆய்வுக்கு என்று ஒரு பெண் டேப்லெட்டோடு வந்திருக்கிறார். "வேலை இல்லைன்னுதான் சொன்னேன், ஆனா 'வீட்டுத் தொழிலில் உதவி'ன்னு பதிஞ்சுட்டுப் போயிட்டாங்க. இப்படி எழுதித்தான் வேலையில்லாதவங்க 3.2 சதவீதம்னு காட்டுறாங்களா? எங்க தெருவுல மட்டும் நாலு இன்ஜினியர் சும்மா இருக்காங்க. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சது கணக்குல வராதா? மறுபடியும் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, என்ன பதில் சொல்றது?" இதுதான் அவர் கேள்வி.

அண்ணாச்சி, முதலில் ஒன்று. அந்தப் பெண் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் விதிப்படி சரியாகத்தான் பதிந்திருக்கிறார். அந்த விதியைப் புரிந்துகொண்டால் உங்கள் கோபத்தில் எவ்வளவு நியாயம், அது யார் மேல் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வந்தது தேசிய புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். செய்தியில் வரும் அரசின் வேலையின்மை சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது. இந்த ஆய்வு ஒரே ஆளை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஒன்று, கடந்த 365 நாட்கள். அதில் அதிக காலம் என்ன செய்தீர்கள் என்பது முதன்மை நிலை. அதற்குப் பக்கத்திலேயே 30 நாளோ அதற்கு மேலோ வேறு வேலை செய்திருந்தால் அது துணை நிலை. இன்னொன்று, ஆய்வாளர் வருவதற்கு முந்தைய 7 நாட்கள். அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அந்த வாரக் கணக்கில் நீங்கள் வேலையில் இருப்பவர். சம்பளம் வாங்கினீர்களா என்பது இதில் பொருட்டே இல்லை, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுத்தாலும் வேலைதான். அதற்கென்று தனிக் குறியீடே உண்டு: 21.

இப்போது உங்கள் மகளை இதில் வைத்துப் பாருங்கள். வாரக் கணக்கில் அவர் சந்தேகமில்லாமல் 21. வருஷக் கணக்கில், தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டு வேலைக்குத் தயாராக இருந்தார் என்று சொன்னால் முதன்மை நிலையில் குறியீடு 81, அதாவது வேலையில்லாதவர். ஆனால் கடையில் உட்கார்ந்த நாட்கள் முப்பதைத் தாண்டிவிட்டதே, அதனால் துணை நிலையில் மறுபடி 21. 2023-24க்கு அரசு பெரிதாக வெளியிட்ட 3.2 சதவீதம் முதன்மை, துணை இரண்டையும் சேர்த்த கணக்கு. அப்படிச் சேர்க்கும்போது துணை வேலை ஒன்று இருந்தாலே அவர் வேலையில் இருப்பவர் பக்கம் போய்விடுவார். அந்த 3.2 மாதிரியான எண்ணுக்குள் உங்கள் மகள் வர மாட்டார்.

இந்த ஒரு மணி நேர விதியை நம் ஊர் அதிகாரிகள் கண்டுபிடிக்கவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல் அது, பல நாடுகளிலும் இதேதான். நாட்டின் உற்பத்தியில் கொஞ்சமாவது கை வைத்த எல்லாரையும் கணக்கில் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். அந்த வேலையில் ஒருத்தர் வயிறு நிறைகிறதா, படித்த படிப்புக்கு ஏற்றதா என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்கிற பத்திகள் அதே அறிக்கையில் வேறு இடத்தில் இருக்கின்றன, டிவியில்தான் அவை வருவதில்லை.

2023-24 அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் சுமார் 60 பேர்தான் வேலை செய்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்கள், இவர்களைத்தான் உழைப்புப் படை என்கிறார்கள். மீதி 40 பேர் படிப்பவர்கள், வீட்டு வேலை மட்டும் செய்பவர்கள், முதியவர்கள் என்று கணக்குக்கு வெளியே நிற்பவர்கள். அந்த 60இல் 58 பேர் வேலையில் இருப்பவர்கள், ஏறக்குறைய 2 பேர் வேலையில்லாதவர்கள். இரண்டுக்குச் சற்றுக் குறைவான அந்த எண்ணை அறுபதால் வகுத்தால் வருவதுதான் அந்த 3.2, அதனால் மொத்த மக்கள்தொகையில் இத்தனை பேருக்கு வேலை இல்லை என்று அதைப் படிக்கக் கூடாது. சரி, வேலையில் இருக்கும் அந்த 58 பேர் யார்? மாதச் சம்பளக்காரர்கள் 12, 13 பேர்தான். கூலிக்குப் போகிறவர்கள் 11, 12 பேர். மீதி 34 பேர் சுயதொழில், அவர்களிலும் 11 பேர் போல, உங்கள் மகள் மாதிரி குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் வேலையின்மை 10.2 சதவீதம். உங்கள் தெருவில் நீங்கள் பார்க்கும் நாலு இன்ஜினியர்கள் அந்த 10.2க்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், 3.2ஐ வைத்து அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

அதனால் கணக்கே பொய் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் 2017-18இல் 6 சதவீதம், 2023-24இல் 3.2, ஆகவே வேலை பெருகிவிட்டது என்று அந்த ஒரே எண்ணைத் தூக்கிக் காட்டுவது நேர்மையான பேச்சு இல்லை. அதே காலத்தில் உழைப்புப் படையில் பெண்களின் பங்கு 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக ஏறியது, அதில் பெரும்பகுதி கிராமத்தில், சொந்தத் தொழிலிலும் சம்பளமில்லாத உதவியிலும். சம்பள வேலையின் பங்கு 22.8இலிருந்து 21.7க்குச் சற்று இறங்கியிருக்கிறது. இதையும் சேர்த்துச் சொல்கிறவர்தான் முழுக் கதையைச் சொல்கிறார். அப்புறம், கணக்கைத் தப்பாகப் போடுவது வேறு, வெளியிடாமல் வைத்திருப்பது வேறு. இந்த ஆய்வின் முதல் அறிக்கை தாமதமானதைக் கண்டித்து 2019 ஜனவரியில், அரசின் புள்ளிவிவரப் பணிகளை மேற்பார்க்கும் தேசிய புள்ளியியல் ஆணையத்திலிருந்து அதன் செயல் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். அறிக்கை மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு மே 31இல்தான் வந்தது. அங்கே கோபப்படுங்கள், அது நியாயம். வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் மேல் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 ஜனவரியிலிருந்து இந்த ஆய்வின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். இப்போது மாதாமாதம் ஒரு சதவீதம் வெளியாகிறது, 2025 ஏப்ரலுக்கு வந்த முதல் எண் 5.1. "3.2இலிருந்து 5.1 ஆகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள், முன்னது வருஷக் கணக்கு, பின்னது வாரக் கணக்கு. 2023-24லேயே வாரக் கணக்குப்படி 4.9 சதவீதம்தான்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கும் இந்தச் சதவீதத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தமிழ்நாட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததுமே பள்ளியிலேயே பதிந்துவிடுகிறார்கள், அப்புறம் கல்லூரிக்குப் போனாலும் தனியார் வேலைக்குப் போனாலும் பெயர் அப்படியே இருக்கும். 2023 தொடக்கத்தில் அந்தப் பதிவேட்டில் 60 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருந்தன, அத்தனை பேரும் வேலையில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. உங்கள் மகள் பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு மட்டும் மாவட்ட அலுவலகத்தில் பதிந்திருந்தால் பி.இ.யைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பொறியியல் மாதிரியான தொழில்படிப்புக்கும் முதுகலைக்கும் சென்னையிலும் மதுரையிலும் தனி அலுவலகங்கள் இருக்கின்றன, உங்களுக்கு மதுரை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கத் தவறினால் பதிவு மூப்பு போய்விடும், இதில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். வேலையில்லா இளைஞர் உதவித்தொகையில் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உண்டு, ஆனால் பி.இ. போன்ற தொழில்படிப்பு முடித்தவர்களுக்கு அது கிடையாது. அதற்காக அலைய வேண்டாம்.

சரி, மறுபடி வரும்போது என்ன சொல்வது? நான் தென் மாவட்டங்களில் சில வருஷம் இதே மாதிரி வீடு வீடாகப் போயிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு அம்மாவிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன். "இல்லப்பா, சும்மாதான் இருக்கேன்" என்றார். பேசிக்கொண்டே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒட்டி முடித்த பெட்டிகள் மலையாகக் கிடந்தன. அவர் வார்த்தையை அப்படியே எழுதியிருந்தால் வீட்டு வேலை மட்டும் செய்பவர், குறியீடு 92, உழைப்புப் படைக்கே வெளியே. உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் (ஒரு குரோஸ் 144 பெட்டி) ஒட்டுகிறார், எவ்வளவு கூலி என்று கேட்ட பிறகுதான் அவர் உழைப்பு தாளில் ஏறியது. அன்றிலிருந்து "சும்மா" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு பதற்றம் வரும்.

அதே மாதிரி ஒரு சொல்தான் "படிச்சிட்டு இருக்கா". தேர்வுக்குத் தயாராகிற பிள்ளையைப் பெற்றோர் அப்படிச் சொன்னால் மாணவி என்று 91இல் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அப்போது அவர் வேலையில்லாதவராகவும் எண்ணப்பட மாட்டார், வேலையில் இருப்பவராகவும் எண்ணப்பட மாட்டார். கல்லூரியிலோ பள்ளியிலோ சேர்ந்து படிக்கவில்லை, வேலை தேடுகிறார், இன்னின்ன தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார், கிடைத்தால் நாளைக்கே போவார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே கடையில் உட்கார்வதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த நாள் எத்தனை மணி நேரம், சம்பளம் இல்லை என்பது உட்பட. அதை மறைத்தால் வேலையின்மை ஒரு துளி கூடும், ஆனால் சம்பளமில்லாமல் உழைக்கும் படித்த பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கு ஒரு துளி குறையும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அரசு கட்டாயம் பார்க்க வேண்டிய எண்.

புதிய முறையில் ஒரு வீட்டுக்கு அடுத்தடுத்த மாதங்களில் மொத்தம் நாலு முறை வருவார்கள், இனி வரும்போது முக்கியமாக முந்தைய வாரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். போன மாதம் பதிந்தது போன மாதத்துக்கு. இந்த மாதம் தேர்வு நெருங்கி மகள் கடைப் பக்கமே வரவில்லை என்றால் இந்த முறை பதிவு தானாகவே மாறும். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குடும்பச் செலவு, வருமானம் கேட்பார்கள், சொல்லலாம், வெளியிடும் தரவில் பெயரும் முகவரியும் இருக்காது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி என்று யாராவது கேட்டால் அவர் இந்த ஆய்வுக்கு வந்தவர் இல்லை, கதவைச் சாத்திவிடலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், அவரைப் பற்றிய கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். எந்த நாள் எத்தனை மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தார், எந்த நாள் விண்ணப்பம் போட்டார் என்பது நம்மைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.