ஷெர்ஃப் மேயரா, முதல்வரா?

ஜெர்மன் வகுப்பில் அரசியல்வாதி ஹென்னிங் ஷெர்ஃப் பற்றிப் பேச வேண்டும், அவர் மேயரா மாநில முதல்வரா என்று புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும்தான். ஜெர்மனியில் பிரேமன், பிரேமர்ஹாஃபன் என்ற இரண்டு நகரங்கள் மட்டும் சேர்ந்ததே ஒரு மாநிலம், அதனால் பிரேமன் மேயரே மாநில அரசுக்கும் தலைவர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரரான இவர் 1995 முதல் 2005 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

சரி, பதவிக் கதையை அதோடு விட்டுவிடுங்கள். எண்பதுகளில் மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவுக்குப் போய்க் காப்பிப் பழம் பறித்த மனிதர், பிரேமனில் நண்பர்களோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்தவர். கூட இருந்த ஒருவர் நோயில் விழுந்தபோது கடைசிவரை முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான். அப்புறம், ஓய்வுக்குப் பின் ஜெர்மன் பாடகர் குழுக்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். நீங்கள் அந்த வீட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.